வேடனும் இரையும்: ஒரு சாகசச் சிறுகதையில் ஆவல்நிலை

தோற்றுவாய்

கதை கேட்கும் ஆவல் மாந்தர்க்கு இயல்பாக அமைந்தது. ‘பிறகு என்ன ஆயிற்று?’ என்று குழந்தை எழுப்பும் வினாவே கதைக்கலையின் முதல் திறனாய்வு எனலாம். ஆயினும் இலக்கியம் பயில்வோரிடையே ஓர் எண்ணம் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. ஆவலைத் தூண்டும் கதை தரத்தில் தாழ்ந்தது. சாகசக் கதையும் திகில் கதையும் இரயில் பயணத்தில் பொழுது போக்க உதவுமேயன்றி ஆய்வுக்கு உரியன அல்ல என்பதே அவ்வெண்ணம். தப்பித் தவறி அத்தகைய கதையொன்று வகுப்பறைக்குள் வந்துவிட்டாலோ அதற்கு வேறோர் இன்னல் நேர்கிறது. முன்னுணர்த்தல், முரண், குறியீடு, உவமை என உத்திகளின் பெயர்கள் பட்டியலிடப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு மனப்பாடம் செய்யப்படுகிறது. தேர்வு முடிந்ததும் பட்டியலும் மறைகிறது, கதையும் மறைகிறது.

இவ்விரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. ஆசிரியர் நம் ஆவலை எதன்பொருட்டுத் தூண்டுகிறார்? ஆங்கிலத்தில் ‘சஸ்பென்ஸ்’ எனப்படுவதை இக்கட்டுரை ‘ஆவல்நிலை’ என்று குறிக்கும். நல்ல கதையில் ஆவல்நிலை, ‘அடுத்து என்ன நடக்கும்?’ என்ற வினாவில் தொடங்கி, ‘இம்மனிதன் என்ன ஆவான்?’ என்ற வினாவில் சென்று முடியும். முன்னது செய்தியைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது. இக்கருத்தை, உலகெங்கும் படிக்கப்பெறும் அமெரிக்கச் சாகசச் சிறுகதை ஒன்றைக் கொண்டு நிறுவ முயல்கிறேன்.

கதையும் காலமும்

ரிச்சர்ட் கானல் 1893ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். பின்னாளில் திரைப்படத் துறைக்கும் எழுதி, 1949இல் மறைந்தார். அவர் எழுதிய கதைகள் பலவற்றுள் இன்று உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒன்றையே. 1924 ஜனவரியில் ‘காலியர்ஸ்’ இதழில் வெளிவந்த ‘தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ என்பதே அது.

தலைப்பிலேயே ஒரு சிலேடை உண்டு. ‘கேம்’ என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டையும் குறிக்கும். வேட்டையாடப்படும் விலங்கையும் குறிக்கும். மிகக் கொடிய விளையாட்டு எது? மிக ஆபத்தான வேட்டைவிலங்கு எது? இரண்டு வினாக்களுக்கும் கதை தரும் விடை ஒன்றே: மனிதன்.

கதையின் போக்கைச் சுருங்கக் கூறலாம். ரெயின்ஸ்போர்டு புகழ்பெற்ற வேட்டைக்காரன். வேட்டையைப் பற்றி நூலும் எழுதியவன். அமேசான் காட்டில் ஜாகுவார் வேட்டையாடுவதற்காகத் தோழன் விட்னியுடன் படகுக்கப்பலில் செல்கிறான். இரவில் தவறிக் கடலில் விழுந்து, மாலுமிகள் அஞ்சும் ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே மாளிகை அமைத்து வாழும் ஜாரோஃப் என்னும் உருசியத் தளபதி அவனை அன்புடன் வரவேற்று விருந்தளிக்கிறான். விலங்கு வேட்டையில் சலிப்புற்ற அத்தளபதி, பகுத்தறிவுள்ள இரையைத் தேடி, மனிதர்களையே வேட்டையாடி வருகிறான் என்பது விருந்தின்போது புலனாகிறது. உடன் வேட்டையாட மறுத்த ரெயின்ஸ்போர்டு தானே இரையாக நேர்கிறது. கையில் ஒரு கத்தி, மூன்று மணி நேர முன்னேற்றம், மூன்று நாள் கெடு. இவையே அவனுக்குக் கிடைப்பவை. இறுதியில் அவன் பாறை முகட்டிலிருந்து கடலில் பாய்கிறான். அன்றிரவு ஜாரோஃபின் படுக்கையறைத் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படுகிறான்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அமெரிக்கரான கானல் தொல்காப்பியம் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் அச்சம் என்னும் உணர்வு மாந்தர்க்குப் பொதுவாதலின், நம் பேராசான் வகுத்த அளவுகோல் அவர் கதைக்கும் பொருந்துவதைக் காண்கிறோம். அந்நான்கும் அதே வரிசையில் கதையில் இடம்பெறுவது வியப்பிற்குரியது.

முதலில் அணங்கு. நிலவில்லாத இரவு, இருள் ஈரத்துணிபோல் கப்பலைச் சூழ்ந்துள்ளது. தீவின் பெயரைக் கேட்டாலே மாலுமிகள் நடுங்குகின்றனர். உரம்வாய்ந்த கப்பல் தலைவனும் அவ்வச்சத்திற்கு விலக்கல்லன். தீமைக்கும் ஒளி, ஒலி போல அலைகள் உண்டு என்கிறான் விட்னி. காரணம் எவருக்கும் தெரியாது. காரணம் தெரியாமையே அணங்கச்சத்தின் இயல்பன்றோ?

அடுத்தது விலங்கு. கரையேறிய ரெயின்ஸ்போர்டு, நசுங்கிய செடிகொடிகளையும் குருதிக் கறையையும் காண்கிறான். ஏதோ பெரிய விலங்கு அடிபட்டுப் புரண்டிருக்கிறது என முடிவு செய்கிறான். அருகில் கிடந்த தோட்டாவின் கூடோ மிகச் சிறியது. இத்துணைப் பெரிய விலங்கை இத்துணைச் சிறிய துப்பாக்கியால் எதிர்கொண்டவன் யாரோ என வியக்கிறான். வாசகனும் உடன் வியக்கிறான்.

மூன்றாவது கள்வர். பாதை இல்லாத இடத்தில் பாதை இருப்பதுபோல் விளக்கெரியச் செய்து, கப்பல்களைப் பாறையில் மோதவைக்கும் சூழ்ச்சி வெளிப்படுகிறது. அணங்கு எனத் தோன்றியது மனிதன் செய்த வஞ்சனை என்பது தெளிவாகிறது. மந்திரத் தீவு விசைப்பொத்தானால் இயங்கும் தீவாகிறது.

இறுதியாக, தம் இறை. ஜாரோஃப் வெறுங்கள்வன் அல்லன். தீவு அவனுடையது, சட்டம் அவனுடையது, வேட்டை நாய்களும், முரட்டு ஏவலன் இவானும் அவனுடையவர்கள். ஆட்டத்தின் விதிகளை வகுப்பவனும் அவனே, நடுவனும் அவனே. முறையிட வேறிடமில்லாத அதிகாரத்தின்முன் நிற்கும் தனிமனிதனின் அச்சத்தில் கதை உச்சத்தை எட்டுகிறது.

பேய், விலங்கு, திருடன், ஆள்வோன் என்று அச்சத்தின் முகம் மாறுந்தோறும் அது நம்மை நெருங்கி வருகிறது. முகம் தெரியத் தெரிய அச்சம் குறையவேண்டும், இங்கோ கூடுகிறது. வாசகன் ஈற்றில் காண்பது தன்னைப்போன்ற மனித முகத்தையே.

இருளில் கேட்ட அலறல்

இக்கதையின் உத்திகளுள் தலையாயது எது என்று வினவினால், பலரும் மரத்தையும் பொறிகளையும் சுட்டுவர். என் கருத்தில், தொடக்கத்தில் கேட்கும் ஓர் அலறலே கதையின் உயிர்நாடி.

கப்பலில் விட்னி ஓர் ஐயத்தை எழுப்புகிறான். வேட்டையாடப்படும் ஜாகுவாரும் வலியையும் சாவின் அச்சத்தையும் உணருமல்லவா என்கிறான். ரெயின்ஸ்போர்டு அதை நகைத்து ஒதுக்குகிறான். உலகில் வேட்டையாடுவோர், வேட்டையாடப்படுவோர் என இரு வகுப்பினரே உண்டு. தாம் நல்லூழாக முதல் வகுப்பினர் என்பது அவன் கொள்கை. இதனைப் பிற்பகுதியின் முன்னுணர்த்தல் என்று பாடநூல்கள் குறிக்கும். அது சரியே; ஆயினும் போதாது.

சற்று நேரத்தில் அவன் கடலில் விழுகிறான். நீந்தும்போது, துன்பத்தின் எல்லையில் எழும் ஓர் அலறல் காதில் விழுகிறது. எந்த விலங்கின் குரல் அது என்று அவனுக்குப் புரியவில்லை, அவ்வளவே. பல நாடுகளில் வேட்டையாடிய வல்லுநன் மனிதக் குரலை அடையாளம் காணவில்லை. பின்னர் விருந்து மேசையில், தான் மனிதர்களையே வேட்டையாடி வருவதை ஜாரோஃப் வெளிப்படுத்துகிறான். அந்த அலறல் யாருடையது என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

விலங்குக்கு உணர்வில்லை என்று நம்பியவனின் செவி, மனிதனின் ஓலத்தையும் விலங்கின் ஓலமாகவே கேட்டது. இரையின் வலியைக் கேளாதிருக்கப் பழகிய செவி, அந்த இரை எவர் என்றும் வேறுபடுத்தி அறியாது. இதை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. இரண்டு நிகழ்ச்சிகளை இரு வேறு இடங்களில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். சாகசக் கதையை ஒருமுறைக்குமேல் படிக்க இயலாது என்பாருக்கு இவ்விடமே விடை. முதற்படிப்பில் அந்த அலறல் மர்மம். மறுபடிப்பில் அதுவே குற்றச்சாட்டு.

தெரிந்தபின் பெருகும் ஆவல்

செய்தியை மறைத்தால்தான் ஆவல் பிறக்கும் என எண்ணுவது இளம் எழுத்தாளர் பலரின் வழக்கம். இக்கதையோ பாதியிலேயே மறைபொருளை உடைத்துவிடுகிறது. தீவின் கமுக்கம் வெளிப்பட்ட பிறகுதான் ஆவல்நிலை வலுப்பெறுகிறது.

மரக்கிளைக் காட்சியை நோக்குவோம். ரெயின்ஸ்போர்டு தன் தடத்தைச் சிக்கலாக்கிவிட்டு மரத்தின்மேல் பதுங்கியிருக்கிறான். ஜாரோஃப் அத்தடத்தைப் பிசகாமல் பின்பற்றி மரத்தடிக்கே வந்துவிடுகிறான். அவன் பார்வை அடிமரத்திலிருந்து அங்குலம் அங்குலமாக மேலேறுகிறது. பதுங்கிய கிளையை எட்டுமுன் நின்றுவிடுகிறது. புகை வளையம் ஒன்றை ஊதி, புன்னகைத்துத் திரும்பிச் செல்கிறான். ‘காணவில்லை’ என நாம் பெருமூச்சு விடுகிறோம். மறுநொடியே, கண்டும் காணாததுபோல் சென்றான் என்பதும், மறுநாள் ஆட்டத்திற்காக இரையைச் சேமித்து வைத்தான் என்பதும் புலப்படுகின்றன. தப்பித்தல், கிடைப்பதினும் கொடிய துன்பமாகிறது. பூனைக்கும் எலிக்கும் நடக்கும் விளையாட்டில் எலிக்குக் கிடைக்கும் ஓய்வும் பூனையின் கொடையே என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

விருந்துக் காட்சியின் முரணும் இத்தகையதே. பளிங்குக் கிண்ணங்கள், உயர்ந்த உணவு, நயத்தக்க உரையாடல், விருந்தினர்க்கு ஏற்ற உடை என எதிலும் குறையில்லை. தமிழர்க்கு விருந்தோம்பல் இல்லறத்தின் உயர்நெறி. வந்தவரைக் காப்பது ஓம்புவோன் கடன். அக்கடனின் புறவடிவம் முழுவதையும் வைத்துக்கொண்டு, அகத்தை மட்டும் நீக்கிவிட்ட ஒருவனைக் கானல் படைத்துள்ளார். ரெயின்ஸ்போர்டு மடிந்தான் என்று கருதிய இரவில், ஜாரோஃப் படுக்குமுன் படிக்கும் நூல் உரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியசின் மெய்யியல் நூல்! கல்வியும் நாகரிகமும் ஒருவனை அறவோனாக்கிவிடும் என்ற நம்பிக்கையை இந்த ஒரு குறிப்பு ஆட்டங்காணச் செய்கிறது. கல்லூரியில் அமர்ந்து நூல்களையே நம்பி வாழும் நாம், இவ்விடத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

1924 என்னும் ஆண்டும் நினைவிற்குரியது. பேரளவில் மனிதர் மனிதரைக் கொன்ற போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. மனிதரை வேட்டையாடுவது கொலை என்று ரெயின்ஸ்போர்டு குமுறும்போது, போரில் கலந்துகொண்டவனுக்கு இத்தகைய மென்மை ஏது என்ற தொனியில் ஜாரோஃப் எள்ளுகிறான். படைவீரராக இருந்த ஆசிரியர் அவ்வினாவைக் கொடியவன் வாயில் வைத்தாலும், அது கொடியவனை மட்டும் நோக்கிய வினா அன்று.

பெயரில்லாத மாலுமிகள்

இனி, நம்மவர் அதிகம் எண்ணாத ஒரு பகுதிக்கு வருகிறேன். தான் வேட்டையாடுவது யாரை என்பதற்கு ஜாரோஃப் ஒரு பட்டியல் தருகிறான். சரக்குக் கப்பல்களின் மாலுமிகள்: லாஸ்கர்கள், கறுப்பர், சீனர், வெள்ளையர், கலப்பினத்தார். நல்ல சாதிக் குதிரையோ நாயோ இவர்களில் இருபதின்மரினும் மேல் என்பது அவன் மதிப்பீடு.

பட்டியலின் தலைப்பில் நிற்கும் ‘லாஸ்கர்’ யார்? படை என்னும் பொருளுடைய ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல்லோடு உறவுடையது இப்பெயர். ஐரோப்பியக் கப்பல்களில் குறைந்த ஊதியத்திற்கு உழைத்த இந்தியப் பெருங்கடற் கரைகளின் மாலுமிகளை இது குறித்தது. அவர்களுள் நம் நாட்டினர் மிகப் பலர். இசுலாமியரும் மிகப் பலர். கடலோடி வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர் இம்மலரைப் படிப்பவருள்ளும் இருக்கலாம். ஓர் அமெரிக்கக் கதையின் ஒற்றை வரியில், கொல்லத்தக்கோர் பட்டியலின் முதற்சொல்லாக நம் கடலோடி வந்து நிற்கிறான்.

இக்கருத்து ஜாரோஃபுக்கு உரியது, ஆசிரியருக்கு உரியதன்று. அவர்களும் மனிதர்களே என்று ரெயின்ஸ்போர்டு மறுத்துரைக்கிறான். ஆயினும் கதையின் கட்டமைப்பைக் கேட்போம். இவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் உண்டா? இல்லை. ஒருவரது ஓட்டமேனும் நமக்குக் காட்டப்படுகிறதா? இல்லை. அவர்கள் இறந்தது செய்தியாக வருகிறது. ரெயின்ஸ்போர்டு ஓடுவது மட்டுமே நெஞ்சைப் பதறவைக்கும் நிகழ்ச்சியாகிறது. அவர்களுக்கு எனக் கதை ஒதுக்கியது இருளில் கேட்ட அந்த ஓர் அலறலை மட்டுமே. ஆவல்நிலை என்பது எல்லார் உயிருக்கும் சமமாகப் பகிரப்படுவதன்று. பெயரும் நூலும் புகழும் உடையவனுக்காக நம் மூச்சு நிற்கிறது, பெயரற்றவனுக்காக நிற்பதில்லை.

இன்னும் ஒரு முரணும் உண்டு. ரெயின்ஸ்போர்டு உயிர் காக்க அமைக்கும் பொறிகள் மூன்று. மலாய் நாட்டு ஆள்பிடிப் பொறி ஜாரோஃபின் தோளைக் காயப்படுத்துகிறது. பர்மியப் புலிக்குழி அவனது சிறந்த நாயை மாய்க்கிறது. உகாண்டா மக்களிடம் கற்ற கத்திப் பொறி இவானைக் கொல்கிறது. கதை வெளிவந்தபோது மலாயாவும் பர்மாவும் உகாண்டாவும் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தன. ஆளப்பட்ட மக்களின் அறிவே வெள்ளை வேட்டைக்காரனைக் காக்கிறது; ஆனால் அம்மக்களை ஒத்தவர்கள் அதே தீவில் பெயரின்றி மாள்கின்றனர். ஆசிரியர் இதனை எண்ணி அமைத்தாரா என்பது வேறு. வாசகன் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சொல்லாமல் விட்ட சண்டை

கதை பெரும்பாலும் ரெயின்ஸ்போர்டின் நோக்கிலேயே செல்கிறது. அவன் கடலில் பாய்ந்தவுடன் ஆசிரியர் நோக்கை மாற்றி, ஜாரோஃபுடன் மாளிகைக்குச் செல்கிறார். இரை தப்பியதும், இவானுக்கு மாற்றாள் கிடைப்பது அரிதாயிருப்பதும் அவனுக்குச் சிறு மனக்குறைகள். விளக்கை ஏற்றுகிறான், திரைக்குப் பின்னால் மனிதன் நிற்கிறான். ஆட்டத்தில் வென்றுவிட்டாய் என்று வாழ்த்துகிறான் ஜாரோஃப். ரெயின்ஸ்போர்டோ, தான் இன்னும் சுற்றிவளைக்கப்பட்ட விலங்கே என்று கூறிப் போருக்கு அழைக்கிறான். அடுத்த வரியில் கதை முடிகிறது. அதைவிடச் சிறந்த படுக்கையில் தான் உறங்கியதில்லை என்று அவன் கருதுவதே முடிவு. வாளோசை இல்லை, குருதி இல்லை, சாவும் சொல்லப்படவில்லை.

1932இல் இக்கதை அமெரிக்காவில் திரைப்படமானபோது, கதையில் இல்லாத ஒரு பெண் சேர்க்கப்பட்டாள்; இறுதிச் சண்டை காட்டப்பட்டது; ஜாரோஃபின் முடிவும் நாயகனின் படகுப் பயணமும் காட்டப்பட்டன. பார்த்தோர் நிறைவோடு எழுந்திருப்பர். கானலின் வாசகனுக்கு அந்நிறைவு வாய்ப்பதில்லை. வென்றது யார் என்பது தெரிகிறது. வென்றவன் யாராகிவிட்டான் என்பது தெரியவில்லை.

வேட்டையாடப்படும் துன்பத்தை உணர்ந்து அவன் திருந்தினான் என்பர் சிலர். கொலை செய்துவிட்டுக் கொலையுண்டவன் படுக்கையிலேயே நிம்மதியாக உறங்கியவன் இன்னொரு ஜாரோஃப் ஆனான் என்பர் வேறு சிலர். ஆட்டம் முடிந்தது என்று எதிரியே ஒப்புக்கொண்ட பிறகும் அவன் ஆட்டத்தைத் தொடர்ந்தான் என்பது உண்மை. அத்தகைய எதிரியின் சொல்லை எங்ஙனம் நம்புவது என்ற மறுப்பும் வலுவுடையதே. என் கருத்தைக் கூறுவதானால், அவன் அச்சத்தை முழுமையாக அறிந்தான். இரக்கத்தை அறிந்தமைக்குக் கதையில் சான்றில்லை. தனக்கு வந்த அச்சத்தைக் கொண்டு பிறர் அச்சத்தை அளந்தறிவதே இரக்கம். அந்த ஓரடியை அவன் எடுத்து வைத்தானா என்பதே உறக்கத்தில் புதைந்துபோன வினா.

மருட்கை பிறக்கும் நிலைக்களன்களுள் ‘ஆக்கம்’ என்பதனையும் தொல்காப்பியர் எண்ணுவார். ஒன்று பிறிதொன்றாகத் திரிதலை அச்சொல் குறிக்கும் என விளக்குவர். அச்சத்தில் நடந்த கதை மருட்கையில் முடிகிறது. வேடன் இரையானான், இரை மீண்டும் வேடனாயிற்று. திரிந்தது உயர்ந்ததா, தாழ்ந்ததா?

நிறைவாக

இக்கதையில் குறைகளே இல்லை என்பதற்கில்லை. இவான் உருவத்தில் மட்டும் பெரியவன். உள்ளம் இல்லாத பாத்திரம். புகைக்குழாய் வாயிலிருந்து நழுவ, அதைப் பிடிக்க எட்டியவன் கடலில் விழுவது ஆசிரியரின் தேவைக்காக நேர்ந்த விபத்து. எனினும் நூறாண்டு கடந்தும் இக்கதை நிற்பதற்குக் காரணம் அதன் விறுவிறுப்பு மட்டும் அன்று. அவ்விறுவிறுப்பு சுமந்து வரும் வினாவே ஆகும்.

ஆகவே மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன். உத்தியின் பெயரை அறிந்துகொள்ளுங்கள், அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இவ்வுத்தி யாருடைய உயிருக்காக என்னைப் பதறவைக்கிறது, யாருடைய சாவை நான் கவனியாமல் கடந்துபோகச் செய்கிறது என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களும், சாகசக் கதை என்று இத்தகைய படைப்புகளை ஒதுக்காது, அவற்றை இவ்வினாவோடு வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். சிறுகதை எழுத முனைவோர், மறைப்பதால் ஆவல் பிறப்பதினும், தெரிவித்தபின் பெருகும் ஆவலே வலியது என்பதை உணர வேண்டும்.

இருளில் ஓர் அலறல் கேட்கிறது. அது எந்த விலங்கின் குரல் என்று வியந்தவன் கதைத் தலைவன். அது யாருடைய குரல் என்று கேட்கக் கற்றுத் தருவதே இலக்கியக் கல்வியின் பயன்.